வாயிலில் நிற்கும் நிரல்: இயக்க முறைமை நிறுவிகள் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடத்தைப் பற்றிப் பேசுவார்கள். சமையலறையைப் பற்றிப் பேசுவார்கள். வாசற்படியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதில் தடுக்கி விழுந்தவர் மட்டுமே அதை நினைவில் வைத்திருப்பார். கணிப்பொறிக்கும் அத்தகைய படி ஒன்று உண்டு. இயக்க முறைமையைப் பொறியில் முதன்முதலாகப் பதித்துத் தரும் 'நிறுவி' என்னும் நிரலே அது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே நாம் அதனோடு பழகுகிறோம். ஆனால் அந்தக் குறுகிய நேரத்தில் அது தவறாக வழிகாட்டினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் ஏடுகளும் ஒரே நொடியில் போய்விடும்.

இதைப் பற்றி இப்போது பேச வேண்டிய தேவை என்ன? விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு உட்படச் சில புதிய உறுப்புகளைக் கோருவதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய பொறிகளில் முறைப்படி ஏறாது. இப்பொறிகளைக் குப்பையில் போடாமல் காக்கும் வழிகளில் ஒன்று லினக்ஸ் வகை இயக்க முறைமைக்கு மாறுவது. தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவே முதல் கணிப்பொறியைப் பெற்ற குடும்பங்கள் ஏராளம். பல வீடுகளில் இருப்பது ஒரே பொறி. அதில் உள்ள கோப்புகளுக்கு மறுபடி கிடையாது. அத்தகைய பொறியின் முன் முதன்முறையாக ஒருவர் அமரும்போது, அவரை வரவேற்கும் நிரல் எப்படிப்பட்டது என்று ஆராய்வது வீண் வேலை அன்று.

நிறுவி என்ன செய்கிறது?

சிறு நினைவகக் கோலிலிருந்து பொறியைத் தொடங்கினால், ஒரு சிறிய இயக்க முறைமை நினைவகத்தில் ஏறுகிறது. அது பொறியின் உறுப்புகளை அடையாளம் காண்கிறது. பின்னர் வட்டில் இடம் ஒதுக்கி, பிரிவுகளை வகுத்து, அவற்றில் கோப்பு முறைமையை அமைக்கிறது. அதன்பின் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படியெடுக்கிறது. இறுதியாக, பொறியை இயக்கும்போது முதலில் ஓட வேண்டிய தொடக்க நிரலைப் பதிக்கிறது.

இவற்றுள் பெரும்பாலான வேலைகளைத் திரும்பச் செய்யலாம். மொழியைத் தவறாகத் தேர்ந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். படியெடுப்பது பாதியில் நின்றால் மீண்டும் தொடங்கலாம். ஒரே ஒரு வேலை மட்டும் மீளாத வினை. அது வட்டின் பிரிவுகளை மாற்றி எழுதுவது. பழைய முறை வட்டுகளில் பிரிவுகளின் அட்டவணை முழுவதும் வட்டின் முதற்கூறில் வெறும் 64 பைட்டுகளில் அடங்கிவிடும்: ஒன்றுக்கு 16 பைட்டுகளாக நான்கு பதிவுகள். அந்த 64 பைட்டுகள் மாறினால், பல நூறு கிகாபைட் தரவு எங்கே இருக்கிறது என்று பொறிக்கே தெரியாமல் போகும். அதன்மேல் புதிய கோப்புகளும் எழுதப்பட்டுவிட்டால் பழையவற்றை மீட்க வழியில்லை.

இயற்பியலில் மீள் வினை, மீளா வினை என இரண்டாகப் பிரிப்பதை மாணவர்கள் அறிவார்கள். நல்ல நிறுவி என்பது மீள் வினைகள் அனைத்தையும் ஒருபுறமும், மீளா வினையை மறுபுறமும் வைத்து, இரண்டுக்கும் நடுவே தெளிவான கதவு ஒன்றை அமைக்க வேண்டும். இதையே முதல் அளவுகோலாகக் கொள்வோம். இரண்டாவது அளவுகோல்: பயனர் விடையளிக்கக்கூடிய கேள்விகளை மட்டுமே அது கேட்கிறதா? மூன்றாவது: தான் செய்துகொண்டிருப்பதை உண்மையாகச் சொல்கிறதா? இம்மூன்றையும் கொண்டு சில நிறுவிகளை எடைபோடலாம்.

நடு மண்டபமும் பல வாயில்களும்

இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் வளரும் பெடோரா லினக்ஸின் 'அனகோண்டா' என்னும் நிறுவி. தொடக்கத்தில் இது எல்லா நிறுவிகளையும் போலவே ஒரு வரிசைப் பாதையாக இருந்தது. ஒரு திரை, அதன் வலப்புற அடியில் 'அடுத்து' என்ற பொத்தான். பிறகு மற்றொரு திரை. 2013 சனவரி 15-இல் வெளிவந்த பெடோரா 18-இல் இது முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது. அந்த மாற்றத்தில் எழுந்த சிக்கல்கள் காரணமாகவே அந்த வெளியீடு குறித்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்கு மேல் தாமதமாயிற்று.

புதிய அமைப்பின் கருத்து எளியது. நடுவில் ஒரு மண்டபம். அதிலிருந்து மொழி, விசைப்பலகை, நேரம், மென்பொருள், வட்டு, வலையமைப்பு எனப் பல அறைகள். எந்த அறைக்குள் வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் போய்வரலாம். நிரல் தானே ஊகிக்கக்கூடியவற்றை ஊகித்து நிரப்பி வைத்திருக்கும். பயனர் கட்டாயம் கவனிக்க வேண்டிய அறையின்மேல் மட்டும் ஓர் எச்சரிக்கை முக்கோணம் தோன்றும். எல்லாம் முடிந்த பின்னரே 'நிறுவத் தொடங்கு' என்ற பொத்தான் உயிர்பெறும். அதை அழுத்தும்வரை வட்டில் ஓர் எழுத்தும் மாறாது.

நம் முதல் அளவுகோலின்படி இது மிக உயர்ந்த வடிவமைப்பு. மீளா வினைக்கு ஒரே கதவு. அந்தக் கதவுக்கு இப்பால் எத்தனை முறை வேண்டுமானாலும் முன்னும் பின்னும் நடக்கலாம். கருத்தளவில் குறை சொல்ல இடமில்லை. குறை, கருத்தைத் திரையில் வடித்த விதத்தில் இருந்தது.

பொத்தான் எங்கே இருக்கிறது?

ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேறுவதற்கான பொத்தான் திரையின் இடப்புற மேல்மூலையில் வைக்கப்பட்டது. அதற்குச் சார்பாக வாதம் உண்டு. அது 'அடுத்து' அன்று. மண்டபத்திற்குத் 'திரும்பு' என்பதே அதன் பொருள். கைப்பேசிகளில் திரும்பும் குறி அந்த மூலையில்தானே இருக்கிறது என்பது அவ்வாதம். ஆனால் பொத்தானில் எழுதியிருந்த சொல்லோ 'முடிந்தது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல். முடித்தவர் கண் எங்கே இருக்கும்? இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படித்து வந்தவரின் கண், முடிக்கும்போது வலப்புற அடியில் இருக்கும். அதே நிரலின் 'நிறுவத் தொடங்கு' பொத்தானும் அந்த வலப்புற அடியில்தான் இருந்தது. ஆக, ஒரே நிரல் ஓரிடத்தில் ஒரு மரபையும் மற்றோரிடத்தில் அதற்கு நேர்மாறான மரபையும் கையாண்டது.

1954-இல் பால் பிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியைத் தந்தார். ஓர் இலக்கை அடையக் கைக்கு ஆகும் நேரம், இலக்கின் தொலைவு கூடக்கூட மடக்கை விகிதத்தில் கூடும். இலக்கின் அகலம் கூடினால் குறையும் என்பது அது. இவ்விதியை வைத்துப் பார்த்தால், மூலைக்கு மூலை சுட்டியை நகர்த்துவதில் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே வீணாகும். எனவே இதைக் கைக்கு நேர்ந்த சிரமம் என்று விமரிசிப்பது தவறு. உண்மையான சிரமம் எண்ணத்திற்கு நேர்ந்தது. பொத்தான் தொலைவில் இருப்பது பிழை அன்று. எதிர்பார்க்கும் இடத்தில் இல்லாததே பிழை.

இதன் உச்சத்தைக் கடவுச்சொல் அறையில் காணலாம். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லைக் கொடுத்தால், அதை உறுதிப்படுத்த 'முடிந்தது' பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வரும். அறிவிப்பு தோன்றுவது திரையின் அடியில். பொத்தான் இருப்பதோ மேல்மூலையில். மேலே பார்த்து அழுத்தியவருக்குக் கீழே எழுதியிருப்பது தென்படாது. பொத்தான் வேலை செய்யவில்லை என்றே அவர் முடிவு கட்டுவார். ஆய்வகத்தில் காட்டி ஒருபுறமும் அளவுகோல் மறுபுறமுமாக ஒரு கருவி செய்து தந்தால், எந்த ஆசிரியர் அதை ஏற்பார்?

ஒரு வட்டு, மூன்று அளவு

இனி, வட்டு அறைக்குச் செல்வோம். உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

கடையில் வாங்கிய வட்டின் உறையில் '500 கிகாபைட்' என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 50,000 கோடி பைட்டுகள். விண்டோஸ் அதே வட்டை '465 கிகாபைட்' என்று காட்டும். அனகோண்டா '465 கிபிபைட்' என்று காட்டும். எது சரி? முதலாவதும் மூன்றாவதும் சரி. கிகா என்றால் பத்தின் ஒன்பதாம் அடுக்கு; கிபி என்றால் இரண்டின் முப்பதாம் அடுக்கு, அதாவது 107,37,41,824. 50,000 கோடியை இந்த எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 465.7 வரும். 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே கிபி முதலிய முன்னொட்டுகளை வகுத்தது. விண்டோஸ் இரண்டின் அடுக்கில் எண்ணிவிட்டுப் பத்தின் அடுக்குக்குரிய பெயரைச் சூட்டுகிறது.

அலகு விஷயத்தில் அனகோண்டா நேர்மையாகவே நடந்துகொள்கிறது. ஆயினும் நேர்மை மட்டும் போதாது. தன் வட்டை அளவைக் கொண்டே அடையாளம் காண முயலும் ஒருவருக்கு, '500 என விற்கப்படும் வட்டு இதுவே' என்று ஒரு சொல் உடன் சேர்த்தால் என்ன?

அளவை விடப் பெரிய குழப்பம் பெயர். விண்டோஸ் தன் பிரிவுகளைச் 'சி', 'டி' என்ற எழுத்துகளால் அழைக்கும். லினக்ஸ் அதே பிரிவுகளை 'எஸ்டிஏ1', 'எஸ்டிஏ2' என்றும், புதிய வகை வட்டானால் 'என்விஎம்இ0என்1பி3' என்றும் அழைக்கும். இடம் போதாதபோது அனகோண்டா ஒரு பட்டியலைக் காட்டி, எந்தப் பிரிவை அழிக்கலாம், எதைச் சுருக்கலாம், எதைக் காக்கலாம் என்று கேட்கிறது. எல்லாப் பிரிவுகளும் 'காப்பாற்று' என்ற நிலையிலேயே தொடங்குவது பாராட்டத்தக்கது. ஆனால் பயனருக்குத் தெரிந்த பெயர் 'டி'. பட்டியலில் இருப்பதோ 'எஸ்டிஏ3'. ஊர்ப்பெயரை அறிந்தவனிடம் தொடர்வண்டி நிலையத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் காட்டி, 'இவற்றுள் எதை இடிக்கட்டும்?' என்று கேட்பது போன்றது இது. அந்தப் பிரிவில் விண்டோஸ் இருக்கிறதா, எத்தனை படங்கள் இருக்கின்றன, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பன கணிப்பொறி ஓரிரு நொடிகளில் படித்தறியக்கூடியவை. தான் அறிய முடிந்ததைச் சொல்லாமல், பயனர் அறிய முடியாததைக் கேட்பது நம் இரண்டாவது அளவுகோலை மீறுவதாகும்.

விடையில்லாத கேள்விகள்

இந்தக் குற்றத்தில் அனகோண்டா தனியாக நிற்கவில்லை. டெபியன் லினக்ஸின் நிறுவி உறுதிக்குப் பெயர்பெற்றது. ஆனால் பல ஆண்டுகள் அது கம்பியில்லா வலையமைப்பு அட்டைகளுக்குத் தேவையான உட்பொதி நிரல்கள் பலவற்றைத் தன் அதிகாரபூர்வ வட்டில் சேர்க்கவில்லை. அவற்றின் மூல நிரல் திறந்த நிலையில் இல்லை என்பதே காரணம். கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பயனர் கண்டது என்ன? குறிப்பிட்ட பெயருடைய கோப்பு ஒன்று தேவை, அதைக் கொண்டுவா என்று நிறுவி கேட்கும். அந்தக் கோப்பை இறக்க வலையமைப்பு வேண்டும். வலையமைப்பு இயங்க அந்தக் கோப்பு வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்நிலையை மாற்றினார்கள். 2023 சூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அந்த நிரல்கள் நிறுவியுடனேயே வருகின்றன. நிறுவியின் எளிமை என்பது பொத்தான்களின் அழகு மட்டும் அன்று. சில வேளைகளில் அது ஓர் இயக்கத்தின் கொள்கை முடிவு என்பதற்கு இது நல்ல சான்று.

நேரத்தைச் சொல்லும் கலை

மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவியவர்கள், 'இன்னும் ஏறத்தாழ 39 நிமிடங்கள்' என்ற வரியை மறந்திருக்க மாட்டார்கள். பொறி விரைவானதோ மெதுவானதோ, எண்ணிக்கை அந்த 39-இலேயே தொடங்கும். அளந்து சொன்ன எண் அன்று அது. எழுதி வைத்த எண். அதை நம்பி எழுந்து போனவர் திரும்பி வந்து பார்த்தால், பொறி நடுவழியில் நின்று, விற்பனைச் சாவியையோ வட்டாரத்தையோ கேட்டுக் காத்திருக்கும்.

2010 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 10.10 இதற்கு ஒரு தீர்வு கண்டது. வட்டு முடிவானதும் கோப்புகளைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டு, அந்த நேரத்திலேயே ஊர், விசைப்பலகை, பெயர் ஆகியவற்றைக் கேட்டது. பயனரின் நேரம் மிச்சம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: மீளா வினை முன்னதாகவே நடந்துவிடுகிறது. பெயர் கேட்கும் திரையில் மனம் மாறினால் பின்வாங்க வழியில்லை. அனகோண்டாவும் 2013-இல் கடவுச்சொல்லைப் படியெடுக்கும்போதே கேட்டது. பின்னர் அதைத் தொடக்கப் பொத்தானுக்கு முன்னே மாற்றிக்கொண்டது. என் கருத்தில் பின்னதே சிறந்தது. கேட்க வேண்டியதை எல்லாம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு மனிதனை அவன் வேலையைப் பார்க்க விடுவதே முறை. சில நிமிட மிச்சத்தைவிடத் தடையற்ற அரைமணி மேலானது.

நம் மொழியில் நிறுவி

தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. டெபியன் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். ஆனால் வரைகலை வடிவில் மட்டும். எழுத்துத் திரை வடிவில் அது இயலாது. காரணம் எளியது. எழுத்துத் திரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். தமிழில் 'கொ' என்று எழுத, ககரத்தின் முன்னும் பின்னும் குறிகள் வர வேண்டும். கட்டங்களுக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது. 2007-இல் டெபியன் 4.0 வரைகலை நிறுவியைக் கொண்டுவந்த பிறகே இதற்கு வழி பிறந்தது.

ஆனால் சொற்களைப் பெயர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. மேற்சொன்ன ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'முடிந்தது' என்று எழுதினால், அது பொத்தானாகத் தோன்றாது, செய்தியாகத் தோன்றும். நிறுவும் வேலையே முடிந்துவிட்டது என்றுகூட ஒருவர் எண்ணலாம். 'சரி, திரும்பு' என்று எழுதினால் ஐயமில்லை. அவ்வாறே, வட்டின் கூறைப் 'பகிர்வு' என்று எழுதினால், வேறொருவரோடு பங்கிடுவதாகப் பொருள்படும். 'பிரிவு' என்பதே தெளிவு. மீளா வினை நடக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பின் சிறு மயக்கமும் பெருந்தீங்காகலாம்.

மீண்டும் வரிசைப் பாதை

2025 ஏப்ரல் 15-இல் வந்த பெடோரா 42-இன் பணிநிலையப் பதிப்பில் அனகோண்டாவுக்குப் புதிய முகம் கிடைத்தது. மண்டபம் போய், மீண்டும் படிப்படியான பாதை வந்தது. பொத்தான்கள் திரையின் அடிக்கு இறங்கின. இறுதியில், வட்டில் என்னென்ன நடக்கப்போகிறது என்பதைத் தொகுத்துக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. வட்டு முழுவதையும் அழிக்கும் வழியைத் தேர்ந்தால், கடைசிப் பொத்தானே 'தரவை அழித்து நிறுவு' என்ற பொருள்பட வெளிப்படையாகப் பேசுகிறது. பழைய பெடோராவை மீண்டும் நிறுவுவதற்கும் தனி வழி தரப்பட்டுள்ளது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட இடத்திற்கே திரும்பினார்களா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. 2013-இன் சிறந்த பாடமான ஒற்றைக் கதவு காக்கப்பட்டிருக்கிறது. அன்று தவறிய ஒன்று, புதியவருக்கு வேண்டிய வரிசை, திருத்தப்பட்டிருக்கிறது. பல அறைகளில் விருப்பம்போல் உலவும் உரிமை, வீட்டை அறிந்தவருக்கே பயன்படும். முதன்முறை வருகிறவருக்குக் கைபிடித்து நடத்துவோர் வேண்டும். ஆனால் பிரிவுகளின் பெயர்க் குழப்பத்தை ஒரு புதிய முகம் மட்டும் தீர்த்துவிடாது. பயனர் பழகிய பெயரையும் உள்ளடக்கத்தையும் காட்டும் வரை இந்தத் துறையின் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது.

சோதிப்பது எப்படி?

குறைகளைக் கண்டறியப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குறை, ஒரு புதிய பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு 31 விழுக்காடு என்று யாக்கோபு நீல்சன் என்ற ஆய்வாளர் பல திட்டங்களின் சராசரியாகக் கணித்தார். அப்படியானால் அது ஒருவரிடம் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 0.69. ஐவரிடமும் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு, 0.69-இன் ஐந்தாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 0.16. எனவே ஐந்து பேரை அருகிலிருந்து கவனித்தாலே அத்தகைய குறைகளில் 84 விழுக்காடு வெளியாகிவிடும். அரிதாகத் தோன்றும் குறைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. பல்வேறு பொறிகளில் மட்டும் எழும் கோளாறுகளையும் இது காட்டாது. ஆயினும் இடம் மாறிய பொத்தானைக் காட்டிக்கொடுக்க ஐந்து பேர் தாராளம். ஒரே நிபந்தனை: அவர்கள் அந்த நிரலை எழுதியவர்களாக இருக்கக் கூடாது, கவனிப்பவர் வாய் திறக்கவும் கூடாது.

நம் கல்லூரிகளிலேயே இதைச் செய்யலாம். திறந்த மூல நிரல்களின் குறைகளை யார் வேண்டுமானாலும் எழுதி அறிவிக்கலாம்; தமிழ்ச் சொற்களை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கோப்புகள் இல்லாத பழைய பொறி ஒன்று, நினைவகக் கோல் ஒன்று, கணிப்பொறி நிறுவி அறியாத ஐந்து மாணவர்கள் – இவை போதும். சோதனைப் பொறியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பொறியில் நிறுவுகிறவர்கள் மட்டும், நிறுவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தொடங்குமுன் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மீளா வினைக்கு எதிராக மனிதன் கண்ட காப்பு அது ஒன்றே.